மொச்சைப் பருவம் வந்துவிட்டது: உங்கள் வீட்டில் எப்படி?

கிருஷ்ணகிரி மருமகள்:
மார்கழி பிறந்தால் எங்கள் சந்தையில் மொச்சைக்காய் குவியத் தொடங்கும். தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், வாடை தூக்க வேண்டும். இல்லையென்றால் என் மாமியார், "பனி குடிக்காத காய்" என்று அடுத்த கூடைக்குப் போய்விடுவார்.

உரித்த கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் பிதுக்க உட்காருவோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும், தோல் விரலிலேயே தங்கிவிடும். கை பழகாதவர்கள் அழுத்தினால் எதிர்ச்சுவரில் போய் ஒட்டும். தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து ஊற்றிய பிதுக்கம்பருப்புக் குழம்புக்குக் கேழ்வரகுக் களிதான் ஜோடி. கன்னடத்தில் மொச்சைக்கு அவரைக்காய் என்று பெயர். பெங்களூரு அவரைக்காய் மேளாவில் இதை ஜிலேபியில்கூடச் சேர்க்கிறார்கள். சாப்பிட்டுப் பார்த்தேன், குழம்பே போதும்.

மானாவாரி விவசாயி:
பனிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அம்மா. நாட்டு மொச்சை பகல் சுருங்கினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் மார்கழி, தையில்தான் காய். எங்கள் பக்கம் கேழ்வரகுக்கு நடுவே சால் விட்டு விதைப்போம். கதிரை அறுத்த பிறகு கொடி தன் பாட்டுக்குப் படரும். குறுந்தொகை 82ஆம் பாடலிலும் இதே கதைதான்: தினை அறுத்த தாளில் மொச்சையின் இனமான அவரை பூக்கிற பனிக்காலம் வந்தும் தலைவன் வரவில்லை என்று தலைவி வருந்துகிறாள். அவரை அவ்வளவு பழசு. பீன்ஸ், பட்டர் பீன்ஸ், ராஜ்மா எல்லாம் அப்படியல்ல, அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கொலம்பஸுக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவை. பருவம் பாராமல் காய்க்கும் செடி அவரை ரகங்கள் இப்போது வந்துவிட்டன. வியாபாரத்துக்கு நல்லது. ருசிக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
ராஜ்மா என்றதும் ஒரு விடுதி நினைவுக்கு வருகிறது. எரிவாயு தீரும் நேரமாம். சமையல்காரர் அரைவேக்காட்டில் இறக்கிவிட்டார். சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளைகள் வரிசையாக வாந்தி. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. மிதமான சூட்டில் வெந்தால் அது அழியாது, பச்சையாக இருப்பதைவிட மோசமாகவும் ஆகலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அதன் பிறகு மெதுவாக வேகட்டும். காய்ந்த மொச்சைக்கும் ஊறிய தண்ணீர் ஆகாது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயறு வகையை ஒதுக்கிவிட வேண்டாம். காய்ந்த மொச்சை 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் இதில் தாராளம். களியோடு பிதுக்கம்பருப்பு சேர்வது நாக்குக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் பொருத்தம்தான்.

சென்னைவாசி:
வாங்குவது, உரிப்பது எல்லாம் சரி. பிதுக்கிய தோலை என்ன செய்வீர்கள்? எங்கள் அடுக்குமாடியில் குப்பைத் தொட்டி நிரம்பிவிட்டது.

கிருஷ்ணகிரி மருமகள்:
மாட்டுக்குத்தான். எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவர் தை முடியும்வரை வாளியோடு வாசலுக்கு வந்துவிடுவார்.