குட்டி ஐகானுக்கு அணி நிறம்: ஹியூ ஸ்லைடரா, பேலட்டா?

குமிழி:
கட்டம் கட்டமாக நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வீரன் ஐகான் 32×32 பிக்சல். சிவப்புச் சட்டை, தலைக்கவசம், ஈட்டி. இதே ஆளை நீலம், மஞ்சள், பச்சை அணிகளுக்கும் மாற்ற வேண்டும். கிம்ப் என்ற படத் திருத்தும் மென்பொருளில் சட்டையை மட்டும் செலக்ட் செய்து ஹியூ (நிறச் சாயல்) ஸ்லைடரை இழுத்தேன். மஞ்சள் கண்ணைக் கூசுகிறது, நீலத்தில் சட்டை மடிப்பே தெரியவில்லை. எப்படிச் சரிசெய்வது?

ஈயப்பென்சில்:
முதல்ல ஸ்லைடரை மூடி வைங்க. திரை வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குப் பச்சையோட பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. மஞ்சள்னா சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, அதாவது 93. ஸ்லைடருக்கு இந்தக் கணக்கு தெரியாது, நிறச் சக்கரத்தைச் சுத்தி விடும், அவ்வளவுதான்.

இமேஜ் மெனுவில் மோட் போய் இன்டெக்ஸ்டு ஆக்குங்க, அதாவது படத்தோட நிறங்களை ஒரு பட்டியலா (பேலட்) வெச்சுக்கற முறை. சட்டைக்குத் தேவை மூணே நிறம்: வெளிச்சம், நடு, நிழல். அந்தப் பட்டியலைக் காட்டற கலர்மேப் பெட்டியில அந்த மூணையும் டபுள் கிளிக் செஞ்சு மாத்தினா படம் முழுக்க ஒரே நேரத்தில் மாறிடும். மஞ்சளுக்கு நிழல் ஆரஞ்சு கலந்த பழுப்பா இருக்கட்டும். நீலத்துக்கு வெளிச்சத்தை வானநீலம் பக்கம் தள்ளுங்க.

தூரிகைவால்:
நாலு அணி, ஒரு வீரன்னா சரி. நாளைக்கு வில்லாளி, குதிரைக்காரன், பூசாரின்னு நாற்பது ஐகான் வந்தா? ஒவ்வொண்ணுக்கும் கலர்மேப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பீங்களா? இன்டெக்ஸ்டு ஆக்கின உடனே ஹியூ-சாச்சுரேஷன் (அந்த ஹியூ ஸ்லைடர் இருக்கற பெட்டி) வேலை செய்யாது. பாதி ஊடுருவும் பிக்சலும் போயிடும், இருந்தா முழுசா இருக்கும், இல்லேன்னா காலி. ஈட்டி முனைல ஒரு மெல்லிய ஒளி போட முடியாது.

குமிழி, ஹியூ-சாச்சுரேஷனை விட்டுட்டு அதே கலர்ஸ் மெனுவில் ஹியூ-குரோமா இருக்கு, அதை எடுங்க. அது வெளிச்ச அளவை மாத்தாம நிறத்தை மட்டும் மாத்தும். ஈயப்பென்சில் பெரியவர் சொன்ன 72, 21 கதை அங்கேயே தீர்ந்துடுது.

ஈயப்பென்சில்:
தீராது. சிவப்போட வெளிச்ச அளவுலயே மஞ்சளை வெச்சா அது மஞ்சளா தெரியாது, கடுகுப் பழுப்பா நிக்கும். நீலத்துக்கு நீங்க சொல்ற வழி ஓரளவு சரி, ஒத்துக்கறேன். மஞ்சளுக்கு வெளிச்சத்தை ஏத்தியே ஆகணும். எவ்வளவு ஏத்தணும்னு மனுஷக் கண்ணுதான் சொல்லும்.

சாம்பல் நிறச் சட்டை மேல மல்டிப்ளை லேயர் (கீழ இருக்கற நிறத்தோட பெருக்கற அடுக்கு) போடலாம்னு அடுத்து யாராவது வருவாங்க. அதுலயும் மஞ்சளோட நிழல் அழுக்குப் பச்சையா வரும். 32 பிக்சல்ல ஒரு மடிப்புக்குக் கிடைக்கிறதே மூணு புள்ளி. அதுல ஒண்ணு அழுக்கானா ஆளே அழுக்கு.

1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ்ல மேகமும் புதரும் ஒரே உருவம், பேலட் மட்டும் வேற. பாக்-மேன்ல நாலு பேய்க்கும் ஒரே உடம்பு. பேரு ஞாபகம் வராதவங்களுக்கும் சிவப்புப் பேய், ஆரஞ்சுப் பேய்னா தெரியும்.

தூரிகைவால்:
மாரியோ ஓடின அந்த நின்டெண்டோ கன்சோல்ல ஒரு ஸ்பிரைட்டுக்கு (நகரும் குட்டி உருவத்துக்கு) மூணு நிறமும் ஒரு வெற்றிடமும்தான் கிடைச்சது, அதனால செஞ்சாங்க. அவங்க வறுமையை இப்போ நீங்க அழகியல் ஆக்கறீங்க. குமிழியோட விளையாட்டு ஓடப்போறது இன்றைய போன்ல.

ஈயப்பென்சில்:
போன் இன்றையதுதான், ஐகான் 32 பிக்சல்தானே.

ராத்திரிக்கோடு:
ரெண்டு பேருமே படத்தை நாலா நகலெடுக்கச் சொல்றீங்க. சட்டையை மூணு அடையாள நிறத்துல வரைஞ்சு ஒரே பிஎன்ஜி வெச்சுக்கங்க. எந்த அடையாளத்துக்கு எந்த நிறம்ங்கறதை விளையாட்டு ஓடும்போது ஷேடர் (பிக்சலுக்கு நிறம் போடற குட்டி நிரல்) பார்த்து மாத்தட்டும். நாற்பது ஐகான் ஆனாலும் அணிக்கு மூணு நிறம்தான் எழுதணும். தூரிகைவால் பயப்படற உட்கார்ற வேலையும் இல்லை, மஞ்சளோட நிழலையும் ஈயப்பென்சில் இஷ்டப்படி கையால தேர்ந்தெடுக்கலாம். ஜேபெக்ல மட்டும் சேமிச்சிடாதீங்க, அது 8×8 கட்டமா நசுக்கும். அடையாள நிறம் கொஞ்சம் பிசகினாலும் ஷேடர் கண்டுபிடிக்காது.

இன்னொண்ணு. சிவப்பு அணியும் பச்சை அணியும் நேருக்கு நேர் நிக்கற ஆட்டம் இது. அந்த ரெண்டு நிறத்தையும் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க ஆண்கள்ல நிறைய பேர். நிறத்தை நம்பி மட்டும் விடாதீங்க, தலைக்கவச இறகையோ கேடயத்தையோ அணிக்கு அணி மாத்துங்க.

தூரிகைவால்:
இறகு யோசனை நல்லா இருக்கு. ஷேடர் எழுதத் தெரியாத ஆளுக்கு மத்தது எல்லாம் சும்மா பேச்சு.

குமிழி:
ஷேடர் கொஞ்சம் தெரியும், முயன்று பார்க்கிறேன். மஞ்சளுக்கு மட்டும் மூன்று நிறத்தையும் கையால் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், உடனே வித்தியாசம் தெரிகிறது. ஒரு சந்தேகம்: சட்டையின் ஓரத்தில் சட்டையும் தோலும் கலந்த மங்கலான பிக்சல்கள் இருக்கின்றன. அவை எந்த அடையாள நிறத்தில் சேரும்?

ஈயப்பென்சில்:
எதுலயும் சேராது. பிரஷ்ல வரைஞ்சிருக்கீங்க, அதான் கலப்பு. அந்த ஓரத்தை மட்டும் பென்சில் டூலால திரும்பப் போடுங்க. பக்கெட் ஃபில் பண்றதா இருந்தா த்ரெஷோல்டை (எவ்வளவு ஒத்த நிறம் வரைக்கும் நிரப்பணும்ங்கற அளவு) 0 ஆக்குங்க, ஓரத்தை மங்கலா கலக்கற ஆன்டி-ஏலியாசிங் டிக்கை எடுத்துடுங்க. பெரிசாக்கிப் பார்க்க ஆசைப்பட்டா ஸ்கேல் பெட்டியில இன்டர்போலேஷனை (நடுவுல புது நிறம் கலக்கற முறை) None என்று வெச்சுப் பெரிசாக்குங்க.

தூரிகைவால்:
ஓரத்துல கலப்பு இருந்தாத்தான் உருண்டையா தெரியும்னு நான் சொன்னா இன்னும் பத்து பதிவு ஓடும். வேலை இருக்கு, ராத்திரி வரேன்.