சாய்தளப் புகார்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சக்கர நாற்காலியில் செல்லும் என் அக்காவுக்காக ஓர் அரசு அலுவலகத்தின் மீது புகார் எழுதுகிறேன். வாசலில் சாய்தளம் இருக்கிறது, ஆனால் பின்னால் ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது. அளந்து பார்த்தேன்: 60 செ.மீ. உயரத்துக்கு 3 மீட்டர் நீளம்தான். பரவலாகப் பின்பற்றப்படும் 1:12 கணக்குப்படி (1 மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம்) 7.2 மீட்டராவது வேண்டும். ஒவ்வொரு முறையும் அக்கா முன்பின் தெரியாதவர்களைக் கெஞ்சி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு சுயேச்சையான கண்காணிப்பைக் கோருகிறது. அதில் மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட கண்காணிப்பு அமைப்புக்கு யாராவது புகார் அனுப்பியிருக்கிறீர்களா? முதலில் அலுவலகத்துக்கே எழுத வேண்டுமா? படமும் அளவும் போதுமா? அப்புறம், உங்கள் புகார்க் கடிதம் இருந்தால் பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.