மோனோ சிந்த்தில் கிக்: "டும்" கேட்டால் "ப்பியூ" வருகிறது

செந்தூல்_சத்தம்:
வணக்கம். உறுமி மேளப் பதிவு ஒன்றுக்கு அடியில் போடுவதற்காக, சாம்பிள் (பதிவான ஒலித்துண்டு) எடுக்காமல் சிந்த்திலேயே (சிந்தசைசரில்) கிக், அதாவது பேஸ் டிரம் அடி, செய்கிறேன். மினிமூக் (பழைய அனலாக் சிந்த்) அமைப்பிலான, ஒரு நேரத்தில் ஒரே நோட் ஒலிக்கும் மோனோ சிந்த், சுருதிக்கென்று தனி என்வலப் (அடி விழுந்ததும் மதிப்பை ஏற்றி இறக்கும் பகுதி) கிடையாது. வேகம் 130 பிபிஎம் (நிமிடத்துக்கு 130 பீட்). ரெசொனன்ஸை (ஃபில்டரை ஒத்ததிர வைக்கும் குமிழ்) முழுக்கத் திருப்பி, ஃபில்டரையே (ஒலியை வடிகட்டும் பகுதி) பாட வைத்து அடிக்கிறேன். அடி விழும்போது "ப்பியூ" என்று துப்பாக்கிச் சத்தம் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஒரு அடி கூர்மையாகவும் அடுத்தது மழுங்கலாகவும் வேறு விழுகிறது. அறையில் மெலிந்து கேட்பது காரில் போட்டால் கதவையே அதிர வைக்கிறது. எங்கே தவறு?

ஆயர்_ஈத்தாம்_அனலாக்:
முதலில் வழுக்கலைப் பார்ப்போம். மேலிருந்து கீழே வர 100 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்தால் காது அதைச் சரிவாகத்தான் கேட்கும். 20 முதல் 50 மில்லிசெகண்டுக்குள் இறங்கினால் அதே சரிவு அடியாக மாறிவிடும். 10க்கும் கீழே போனால் வெறும் "டக்" மட்டும் மிஞ்சும்.

குமிழைக் கண்ணால் பார்த்து வைக்காதீர்கள், அளந்து வையுங்கள். மிக்ஸரில் ஆசிலேட்டர் (அலையை உருவாக்கும் பகுதி) எல்லாவற்றையும் அணைத்து, கீபோர்டு கண்ட்ரோல் சுவிட்ச் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். எந்த நோட் போனாலும் கிக் ஒரே சுருதியில் நிற்கும். கான்டூர் (ஃபில்டரின் என்வலப்) அளவு பூஜ்யம், லவுட்னஸ் (ஒலியளவு என்வலப்) சஸ்டெய்ன், அதாவது நோட்டைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு, முழுசு. நோட்டைப் பிடித்தபடி கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டும் இடம்) நகர்த்தி ஜி1க்கு, அதாவது 49 ஹெர்ட்ஸுக்கு வாருங்கள். போன் மைக்கை நம்ப வேண்டாம், இவ்வளவு கீழே அதற்குக் கேட்காது. லைனில் எடுத்து ட்யூனர் பிளக்இன்னில் பாருங்கள். அடுத்து ஃபில்டர் கான்டூரின் சஸ்டெய்னை முழுக்க ஏற்றி, நோட்டைப் பிடித்தபடியே கான்டூர் அளவைக் கூட்டுங்கள். ஜி4 வந்ததும் நிறுத்துங்கள். அது 392 ஹெர்ட்ஸ், சரியாக மூன்று ஆக்டேவ். இப்போது இரண்டு சஸ்டெய்னையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது உங்கள் கையில். ஃபில்டர் டிகேயை (இறங்கும் நேரம்) ஆகக் குறைவிலிருந்து மெல்ல ஏற்றி, "டக்" "டும்" ஆகிற இடத்தில் விடுங்கள். வழுக்கல் தலைகாட்டினால் ஒரு மயிரிழை பின்னால் வாருங்கள்.

லவுட்னஸ் டிகே 300 மில்லிசெகண்டு போதும். 130 பிபிஎம்மில் ஒரு பீட் 461 மில்லிசெகண்டு. வால் அதை முட்டினால் உறுமியின் தேய்ப்பு ஒலிக்கு இடமே இருக்காது. டிகே சுவிட்ச் ஆனில் இருக்கட்டும். ஆஃபில் இருந்தால் நோட் முடிந்த கணமே வால் வெட்டுப்படும். பதினாறில் ஒரு பங்கு நோட் உங்கள் வேகத்தில் 115 மில்லிசெகண்டுதான்.

சிந்த்தைப் போட்டு அரை மணி நேரமாவது கழித்துச் சுருதி சேருங்கள். இடையில் ஏர்கோன் போட்டால் மறுபடி சரிபார்க்கணும். அனலாக் ஃபில்டர் சூடு மாறினால் நகரும்.

பழைய_கிள்ளான்_சாலை:
அடிக்கு அடி மாறுவதற்குக் காரணம் வேறு. ஃபில்டர் தானாகப் பாடும்போது அது நிற்பதே இல்லை. லவுட்னஸ் என்வலப் கதவு திறக்கும் நேரத்தில் அலை உச்சியில் இருக்கலாம், நடுக்கோட்டில் இருக்கலாம், பள்ளத்தில் இருக்கலாம். 49 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்டு ஆகும். உங்கள் அடியின் உயிரே அந்த 20 மில்லிசெகண்டில்தான் இருக்கிறது. உச்சியில் திறந்தால் "டக்", நடுக்கோட்டில் திறந்தால் மழுங்கல்.

1980இல் வந்த டிஆர்-808 டிரம் மெஷினின் கிக்கைப் பாருங்கள். அதில் ஓடிக்கொண்டே இருக்கும் ஆசிலேட்டர் இல்லை. அடங்கிக் கிடக்கும் ஒத்ததிர்வுச் சுற்றை ஒரு குறுந்துடிப்பு தட்டிவிடும், அது மணி மாதிரி அதிர்ந்து ஓயும். தட்டும் கணத்தில்தான் அலை பிறப்பதால் ஒவ்வொரு அடியும் ஒரே இடத்தில் தொடங்கும். 1983இன் டிஆர்-909இல் ஆசிலேட்டர் உண்டு, ஆனால் அடி விழும்போது அது முதலிலிருந்து தொடங்கும்.

உங்கள் சிந்த்தில் 808 வழி நடக்கும். ரெசொனன்ஸை, பாட்டு நிற்கும் வரை மட்டும் பின்னால் இழுங்கள். பெரும்பாலும் அரைக் கோடு போதும். கணினியில் 1 மில்லிசெகண்டு நீளத்தில் ஒரு சதுரத் துடிப்பு செய்து, ஆடியோ இன்டர்ஃபேஸின் தனி அவுட்டிலிருந்து சிந்த்தின் எக்ஸ்டர்னல் இன்புட்டுக்கு விடுங்கள். துடிப்பும் நோட்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். மிடி (நோட்டைக் கொண்டுபோகும் சிக்னல்) சற்றுப் பிந்தினால் துடிப்புத் தடத்தை அந்த அளவு தள்ளி வையுங்கள். வாலின் நீளத்தை இனி ரெசொனன்ஸும் தீர்மானிக்கும்.

செந்தூல்_சத்தம்:
துடிப்பு வேலை செய்கிறது அண்ணே, எல்லா அடியும் அச்சு வார்த்த மாதிரி. ஆனால் வாலின் கனம் மெல்லக் கூடிக் குறைகிறது, நொடிக்கு ஒரு முறை அலை வந்து போகிற மாதிரி.

பட்டர்வொர்த்_பேஸ்:
அது கிக் இல்லை தம்பி, கரண்ட். நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், உங்கள் கிக் 49. இரண்டுக்கும் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம், அதனால்தான் நொடிக்கு ஒரு முறை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓடவிடுங்கள். ஆட்டம் நின்றால் கிரவுண்ட் லூப்தான் (எர்த் வழியே சுற்றிவரும் கரண்ட் இரைச்சல்). யூஎஸ்பி மிடியை விட்டுவிட்டு ஐந்து முள் மிடி கேபிளுக்கு மாறுங்கள். அதன் வாங்கும் முனையில் ஆப்டோ ஐசோலேட்டர் (சிக்னலை ஒளி வழியே கடத்தும் பகுதி) இருப்பதால் அந்த வழி லூப் அறுந்துவிடும். மூன்று முள் பிளக்கில் எர்த்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து. கோலாலம்பூர் ஜாலான் பசாரில் மலிவான ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறதே என்று கிக் லைனில் மாட்டாதீர்கள். சின்ன இரும்புக் கரு 50 ஹெர்ட்ஸில் திணறி, அடியையே கரகரப்பாக்கிவிடும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். அறை பத்தடிக்குப் பத்தடியா? அப்படியென்றால் சுவருக்குச் சுவர் நிற்கும் அலை ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸில் விழும். அறையின் நடுவே அதற்கு அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை, மூலையில் கொட்டும். நடுவில் உட்கார்ந்தால் கிக் மெலிந்து கேட்கும், நீங்கள் பேஸை ஏற்றுவீர்கள், கார் அதிரும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நகர்த்துங்கள். அளவை ஹெட்போனில் முடிவு செய்யுங்கள்.

போனில் 49 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. சிந்த்தின் அவுட்டை ஒரு டிரைவ் பெடலில் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) லேசாக உரசவிட்டால் 98, 147 என்று மேல் ஒலிகள் முளைக்கும், போன் அவற்றைத்தான் பிடிக்கும். 30 ஹெர்ட்ஸ் ஹை-பாஸை (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) டிரைவுக்குப் பின்னால் வையுங்கள். கடைசியாக, உறுமி வலுவாக விழும் இடம் ஒன்றில் கிக்கின் போலாரிட்டியைத் (அலையின் மேல்-கீழ் திசை) திருப்பிக் கேளுங்கள். எந்தப் பக்கம் அடி தடிக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.