பழைய ஃபிளை ஃபிஷிங் செட் வாங்கலாமா? இன்று ராத்திரிக்குள் சொல்லுங்க

ஐந்துரோடு_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கிறேன், ஊர் இன்னும் பிடிபடவில்லை. யூனிவர்சிட்டி மீன்பிடி கிளப்பில் பேர் கொடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு ஃபிளை ஃபிஷிங் போகிறார்கள், அதாவது பூச்சி மாதிரி கட்டின முள்ளை வீசி மீன் பிடிக்க. கடையில் விசாரித்தால் ராடு மட்டுமே என் ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டுகிறது. ஒரு பெரியவர் பழைய ராடு, ரீல், லைன் மூன்றும் சேர்த்து நாற்பதுக்குத் தருகிறாராம். இன்று ராத்திரிக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நம்ம சேலம் மூக்கனேரியில் மூங்கில் குச்சியும் மண்புழுவும் வைத்து ஜிலேபி மீன் பிடித்ததோடு சரி, இதில் எனக்கு ஒன்றும் தெரியாது. வாங்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மேட்டூர்_டேம்:
நாற்பது டாலர்தானே, வாங்கிப் போடு தம்பி. ஆனால் லைசென்ஸ் எடுத்துவிடு. இங்கே பென்சில்வேனியாவில் 16 வயதிலிருந்து எல்லோருக்கும் வேண்டும், ட்ரௌட் மீன் பிடிக்க அதற்கு மேல் தனி பர்மிட். நாங்கள் வந்த புதிதில் மீன் பிடிக்கவா நேரம் இருந்தது? பனியில் பஸ்ஸுக்கு நின்றே பாதி நாள் போனது.

அம்மாபேட்டை_அக்கா:
தம்பி, வந்ததும் வராததுமாகத் தூண்டிலில் காசு போடாதே. முதலில் நல்ல ஜாக்கெட், ஒரு குக்கர். நான் வந்தபோது அட்வான்ஸ் கொடுத்த வீட்டில் ஹீட்டரே வேலை செய்யவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டால் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்றார். அப்பாவிடம் சொல்லிவிட்டுச் செய்.

செவ்வாய்ப்பேட்டை_கிவி:
9 அடி ராடு, 5 வெயிட் (லைனின் கனத்தைச் சொல்லும் நம்பர்). வேறு எதையும் தொடாதே. அடியில் ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) ஒட்டிய பூட்ஸ் யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதே. அதில் ஒட்டிக்கொண்டு ஆற்றுப் பாசி பரவுகிறது என்று நியூசிலாந்தில் 2008லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள்.

ஏற்காடு_காப்பி:
5 வெயிட் ஆற்றுக்கு. குளத்தில் காற்றடிக்கும், 6 அல்லது 7தான் நிற்கும். அதிருக்கட்டும், தம்பி எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருமே கேட்கவில்லையே?

மேட்டூர்_டேம்:
எந்த நாடானால் என்ன, எங்கேயும் கறிவேப்பிலை யானை விலைதான்.

அம்மாபேட்டை_அக்கா:
கறிவேப்பிலையை விடுங்கள். தட்டுவடை செட்டுக்கு நான் ஏங்குகிற ஏக்கம்! இங்கே நாலு தட்டுவடை பாக்கெட்டைத் தங்கம் மாதிரி விற்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் அதுவும் நமத்துப்போனது.

ஐந்துரோடு_பையன்:
அண்ணா, இங்கிலாந்து, ஷெஃபீல்டு. நாற்பது பவுண்டு. போவது ட்ரௌட் விடும் குளத்துக்காம்.

ஏற்காடு_காப்பி:
இரும்பாலை ஊரிலிருந்து இரும்பு ஊருக்கே போயிருக்கிறாய்! சரி, இனி பேசலாம்.

மூக்கனேரித் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துப் போகும். இங்கே இறகும் நூலும் கட்டின முள்ளுக்குக் கனமே கிடையாது. லைனே கனம், அதைத்தான் வீசுகிறோம். அதனால் ராடில் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் நம்பரும் லைன் நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். ரீல், உன் வேலைக்கு, லைன் சுற்றி வைக்கும் உருளைதான். காசு மிச்சமிருந்தால் லைனில் போடு.

ஆளை நேரில் போய்ப் பார். ராடை மாட்டி லேசாக ஆட்டு. மூட்டுகள் டக் டக் என்றால் திரும்பி வந்துவிடு. வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை நுழைத்து இழு. பஞ்சு இழை சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, அது புது லைனையும் ராவிவிடும். அப்புறம் லைனை உருவி விரலிடுக்கில் ஓட்டிப் பார். சொரசொரவென்று வெடிப்பு தட்டுப்பட்டால் அந்த லைன் ஒழுங்காக மிதக்காது, விலையைக் குறைத்துக் கேள்.

இங்கிலாந்தில் 13 வயதிலிருந்து ராடு லைசென்ஸ் கட்டாயம். அரசு இணையதளத்திலேயே ஒரு நாளைக்கும் எடுக்கலாம், அது போதும் உனக்கு. இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம். குளத்து டிக்கெட் அதற்கு மேல் தனி. இந்த இரண்டு செலவையும் ராடு வாங்கும் முன்பே எடுத்து வைத்துவிடு.

செவ்வாய்ப்பேட்டை_கிவி:
குளம் என்றால் 5 சரிவராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆறுதான் ஆறு.

ஐந்துரோடு_பையன்:
பார்த்துவிட்டு வந்தேன் அண்ணா. 7 நம்பர், மூட்டு இறுக்கமாக இருக்கிறது, பஞ்சு சிக்கவில்லை. லைன் மட்டும் வெடித்திருக்கிறது. 25க்கு இறங்கி வந்துவிட்டார்.

ஏற்காடு_காப்பி:
எடுத்துவிடு. மிச்சத்தில் 7 நம்பர் மிதக்கும் லைன், முன்பக்கம் தடித்தது, உள்ளதிலேயே மலிவானது ஒன்று. டபிள்யூ எஃப் 7 எஃப் என்று கேள். நுனிக்கு ஒரு டேப்பர்டு லீடர், அதாவது முள் பக்கம் போகப் போக மெலியும் நரம்பு. முள்ளை கிளப்பில் கேட்டு வாங்கிக்கொள், அந்தக் குளத்தில் எது எடுபடும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நரம்பு வெட்ட நகவெட்டி போதும். நீருக்குள் இறங்கும் கால்சட்டை இப்போது வேண்டாம், கரையில் நின்றே வீசலாம். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதே, முள் பின்னாலிருந்து காதை உரசிக்கொண்டு வரும். கார்பன் ராடில் கரண்டு பாயும், மின்கம்பி போகிற இடத்தில் ராடைத் தூக்காதே. சனிக்கிழமை ஏதாவது புல்தரையில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசிப் பழகு. டிக்கெட்டுக்கு எத்தனை மீன் எடுத்துப் போகலாம் என்பதையும் கேட்டுக்கொள்.

அம்மாபேட்டை_அக்கா:
எடுத்து வந்தால் ஹாஸ்டலில் வறுக்காதே தம்பி, ஸ்மோக் அலாரம் அடித்து எல்லோரையும் ரோட்டில் நிறுத்திவிடும். குழம்பாக வை. புளி இருக்கிறதா?