கந்தகம் சேர்த்த வைன், சேர்க்காத வைன்: நாக்குக்கு நிஜமாகவே தெரிகிறதா?

கொடிக்கால்:
பிரான்சில் லியோனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வில்லியே-மோர்கோன். நேச்சுரல் வைன் என்று இன்று உலகமே பேசுகிற விஷயம் வேர்விட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. ஷூல் ஷோவே (1907–1989) வைன் வணிகர், வேதியியலும் தெரிந்தவர். வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகம் போடாமல், பாக்கெட் ஈஸ்ட் போடாமல் நல்ல வைன் வருமா என்று பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர். அவர் காட்டிய வழியில் எண்பதுகளில் அந்த ஊர் வைன் தயாரிப்பாளர் மார்செல் லாப்பியேர் துணிந்து இறங்கினார்.

லாப்பியேர் வீட்டு மோர்கோன் வைன் இரண்டு விதமாக வரும். பின்பக்க லேபிளில் ‘என்’ (N) என்றிருந்தால் கந்தகம் சேர்க்காதது. ‘எஸ்’ (S) என்றிருந்தால் கொஞ்சம் சேர்த்தது. திராட்சை இரண்டிலும் கமேதான், ஊரும் ஒன்றுதான், ஒரே வருடத்து பாட்டிலாகவும் தேடி எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஆறு பேர் உட்கார்ந்தோம். நிறம் தெரியாமலிருக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று டம்ளர். இரண்டில் ஒரே வைன், மூன்றாவதில் மற்றது. தனியாக நிற்பது எது என்று சொல்ல வேண்டும். நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். ‘என்’ ஊற்றிய உடனே பன்னீர் ரோஜாவும் நாவல்பழமும் மேலே வந்தன. ‘எஸ்’ முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. கந்தகம் வைனின் பேச்சை அடக்குகிறது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

அமிலமானி:
நொதித்தல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் மறுக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், ஒன்றுமே தெரியாதவரும் மூன்றில் ஒரு தடவை சரியாகச் சொல்வார். ஆறு பேரும் வெறும் ஊகத்தில் சொன்னாலும், நான்கோ அதற்கு மேலோ சரியாக அமைவது பத்தில் ஒரு தடவை நடக்கும். இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. பன்னிரண்டு சுற்று வைத்து குறைந்தது எட்டு சரியாக வந்தால் பேசலாம்.

அடுத்து டம்ளர். நிறத்தை மறைத்தது ரொம்பச் சரி. 2001இல் வெளியான போர்தோ ஆய்வில் வெள்ளை வைனில் சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் மணங்களையே அவர்கள் எழுதினார்கள். அவ்வளவு தூரம் கண் நம்மை இழுத்துப் போகும். ஆனால் வாய் விரிந்த டம்ளரில் மணம் நிற்காது, பறந்துவிடும். கறுப்புக் கண்ணாடி கோப்பை வாங்குங்கள்.

கடைசியாக, “கந்தகம் இல்லாத வைன்” என்று ஒன்று கிடையவே கிடையாது. ஈஸ்ட்டே நொதிக்கும்போது கொஞ்சம் சல்ஃபைட் (கந்தகச் சேர்மம்) உண்டாக்கும். “சேர்க்காத” என்று எழுதுங்கள், ஏற்கிறேன்.

கொடிக்கால்:
எண்ணிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அக்கா. பன்னிரண்டு சுற்று வைக்கிறேன்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி சாதாரண சிவப்பு வைனில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், வெள்ளையில் 200. பிரான்சில் 2020இல் வந்த ‘வேன் மெத்தோத் நத்யூர்’ முத்திரைக்கு உச்ச வரம்பு 30தான். ஐந்து மடங்கு வித்தியாசம் நாக்குக்கு எட்டாமல் போகுமா? பனையேறிக் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். தடவல் ஒன்றுதான், ஆனால் பொருளே மாறிவிடுகிறது.

அமிலமானி:
பதநீர் உதாரணம் இங்கே பொருந்தாது தம்பி. சுண்ணாம்பு நொதித்தலையே தடுக்கிறது. வைனில் பெரும்பாலும் நொதித்து முடிந்த பிறகுதான் கந்தகம் போடுகிறார்கள், அதற்கு மேல் கெடாமல் இருக்க. வரம்பு 150 என்பதால் எல்லோரும் 150 போடுகிறார்கள் என்றும் அர்த்தமில்லை.

இன்னொன்று, அளவை மட்டும் பார்த்தால் போதாது. கந்தகத்தின் கிருமி கொல்லும் பங்கு வைனின் புளிப்பைப் பொறுத்தது. பிஹெச் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.2 உள்ள புளிப்பான வைனில், பிணையாமல் கிடக்கும் கந்தகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு வேலை செய்யும். 3.8க்குப் போனால் ஒரு பங்குதான். வெயில் ஏறிய வருடங்களில் பழம் அதிகம் பழுத்துப் புளிப்பு இறங்கும். அந்த வருடத்திலும் “நான் ஒன்றும் சேர்க்க மாட்டேன்” என்று பிடிவாதம் பிடித்தால், பாட்டிலுக்குள் பாக்டீரியாவுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுப்பதாகத்தான் முடியும்.

குசினி அண்ணை:
பாரிசிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை பதினொரு வருசமாக் குசினி வேலை. எங்கடை கடையிலை முக்கால்வாசி நேச்சுரல் வைன்தான். நான் ரெண்டு பக்கத்தையும் பாத்திருக்கிறன்.

நல்ல போத்தல் திறந்தால் அதுக்கு ஈடே இல்லை. ஆனால் ‘சூரி’ எண்டு ஒரு சாமான் இருக்கு. பிரெஞ்சிலை எலி. வைனை மணந்து பாத்தால் ஒண்டும் தெரியாது. வாயிலை வைக்கேக்கையும் நல்லாயிருக்கும். விழுங்கிப் பத்து, பதினைஞ்சு செக்கன் கழிச்சுத் தொண்டைக்குள்ளாலை ஏறி வரும்: நமுத்துப்போன பொரியை எலி ஓடின டின்னுக்குள்ளை போட்டு வைச்ச மாதிரி. பிறகு என்ன சாப்பிட்டாலும் போகாது.

போன மாசம் ஒரு மேசையிலை மூண்டு பேர். ஒரு அம்மா கிளாசைத் தள்ளி வைச்சிட்டா. மற்ற ரெண்டு பேரும் “அருமையான வைன்” எண்டு முடிச்சுப்போட்டினம். பரிமாறுற பெடியன் அந்த அம்மாவுக்கு “இது நேச்சுரல், இப்பிடித்தான் இருக்கும்” எண்டான். எனக்கு அந்த இடத்திலை கோவம் வந்தது. கெட்ட மீனைக் குடுத்திட்டு “இது கடல் மீன், இப்பிடித்தான்” எண்டு நான் சொல்லலாமோ?

தாழி:
ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் மருத்துவம் நாலாவது வருடம் படிக்கிறேன். விவாதம் பிரான்சை விட்டு நகரவே இல்லையே என்று எழுதுகிறேன். இங்கே இதற்கு நேச்சுரல் என்ற பெயரே தேவைப்படவில்லை. தெற்கு ஜார்ஜியாவில் தோண்டி எடுத்த மண்பாண்டச் சில்லுகளில் திராட்சை வைனின் தடயம் கிடைத்தது, வயது சுமார் 8,000 வருடம் என்று 2017இல் அறிவித்தார்கள். 2013இல் க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

க்வெவ்ரி என்பது நம் ஊர்த் தாழி மாதிரி, அடி கூம்பிய பெரிய மண்பாண்டம். கழுத்து வரை மண்ணில் புதைத்திருப்பார்கள். உள்ளே தேன்மெழுகு பூச்சு. போன இலையுதிர் காலத்தில் வகுப்புத் தோழியின் தாத்தா வீட்டுக்கு, காகேதிக்குப் போயிருந்தேன். ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையை மிதித்து, சாறு, தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் தாழியில் விட்டார். மேலே எழும்பி வரும் தோலை நீளக் கம்பால் அடிக்கடி அமுக்கிவிடுவது என் வேலை. குனிந்தால் கரியமில வாயு மூக்கைக் குத்தும், தாத்தா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். நொதித்து அடங்கியதும் மூடி, வசந்தத்தில் திறப்பார்கள். கூம்பின் அடியில் விதை போய்த் தங்க, அதன் மேல் வண்டல் மூடிக்கொள்ளும். அதனால் விதையின் கசப்பு அதிகம் இறங்காது. வைன் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில், அதே துவர்ப்போடு வரும். எலியும் இல்லை, பொரியும் இல்லை. தோலோடு ஆறு மாதம் கிடந்தால் அந்தத் துவர்ப்பே காவல்.

அமிலமானி:
அழகாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஒரே கேள்வி: காலித் தாழியைக் கழுவிய பிறகு தாத்தா உள்ளே எதையாவது கொளுத்தினாரா?

தாழி:
கொளுத்தினார். கந்தகத் திரி. எனக்கு இருமலே வந்துவிட்டது. செர்ரி மரப்பட்டைத் தேய்ப்பானால் தேய்த்துத் தேய்த்து, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிவிட்டு அதன் பிறகு கொளுத்தினார். ஆனால் வைனுக்குள் எதுவும் போடவில்லை, அதுவும் உண்மை.

அமிலமானி:
நான் சொல்ல வந்தது அதைத்தான். அந்தத் தாத்தா “எதுவும் செய்யாமல்” வைன் செய்யவில்லை. தேய்த்தார், கழுவினார், புகை போட்டார், மண்ணின் குளிர்ச்சியில் புதைத்தார், காற்றுப் படாமல் மூடினார். அந்தச் சுத்தத்தில் பாதிகூட இல்லாமல் “தலையிடாத வைன்” என்று லேபிள் ஒட்டுபவர்களோடுதான் என் சண்டை.

எலி வாடைக்குக் காரணமானவற்றில் ஒன்று, 2-அசிட்டைல்-1-பிரோலின். பாஸ்மதி அரிசியிலும் ரம்பை இலையிலும் மணப்பது இதேதான். அதன் உறவுக்காரப் பொருள்கள்தான் மீதி. லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டும் இவற்றைச் செய்கின்றன. வைனின் புளிப்பில் இவை ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். எச்சில் கலந்து புளிப்பு குறைந்ததும் கிளம்பும். எச்சிலின் புளிப்பு ஆளுக்கு ஆள் வேறு. குசினி அண்ணனின் மேசையில் ஒருவர் தள்ளிவைத்ததும் இருவர் ரசித்ததும் அதனால் இருக்கலாம். ரசனை வேறு, வாய் வேறு.

கொடிக்கால்:
எனக்கு இதில் சந்தேகம் இருக்கிறது. ஐந்து வருடத்தில் நூற்றுக்கணக்கான நேச்சுரல் பாட்டில் திறந்திருக்கிறேன். காடி வாடை வந்திருக்கிறது, மாட்டுக்கொட்டகை வாடை வந்திருக்கிறது. இந்த எலியை ஒரு தடவைகூடச் சந்தித்ததில்லை. அவ்வளவு பரவலாக இருந்தால் என் கண்ணில் படாமலா போகும்?

குசினி அண்ணை:
தம்பி, கோவிக்காதையும். உமக்கு அது பிடிபடாத வாயாயிருக்கலாம். ரெண்டு சொட்டை மணிக்கட்டிலை தேய்ச்சு, காய்ஞ்ச பிறகு மணந்து பாரும். தோல் வைனைப் போலப் புளிப்பில்லை, அதிலை வாடை கிளம்பும். நாங்கள் கடையிலை அப்பிடித்தான் பாக்கிறனாங்கள்.

அமிலமானி:
இன்னும் தெளிவாக வேண்டுமானால், கிளாசில் கால் பங்கு வைன் ஊற்றிச் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டு முகருங்கள்.

கொடிக்கால்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

பன்னிரண்டு சுற்று முடிந்தது, கறுப்புக் கோப்பையில். ஏழு சரி. நீங்கள் கேட்டது எட்டு. அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது சோடா. வீட்டில் லுவார் பக்கத்து பாட்டில் ஒன்று திறந்து மூன்று நாளாக இருந்தது. பெயர் வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த வைன், நண்பர்களுக்கு ஆறு, ஏழு பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி இரண்டு வருடமாக அதைத் தொடுவதில்லை. “பழைய பொரி டப்பா” என்பாள். உனக்கு இன்னும் பழக்கமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிட்டிகை போட்டதும் நுரைத்தது. சிவப்பு மங்கி, மழைமேகம் மாதிரி சாம்பல் நீலமாகத் திரிந்தது. முகர்ந்தேன். வந்தது. குசினி அண்ணன் எழுதிய அதே பொரி, அதே டின். உடனே லாப்பியேர் ‘என்’னில் மிச்சமிருந்ததையும் இன்னொரு கிளாசில் ஊற்றிச் சோடா போட்டேன். நிறம் அதேபோல் திரிந்தது, வாடை எதுவும் வரவில்லை. கந்தகம் சேர்க்காமலே சுத்தமாகச் செய்யலாம் என்று நான் இன்னமும் சொல்வேன். ஆனால் எல்லாவற்றுக்கும் என் நாக்கையே சாட்சியாக நிறுத்திவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டு முதல் கிளாசை நீட்டினேன். பாதி தூரத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இதைத்தானே ரெண்டு வருசமா சொல்றேன்” என்றாள்.

அமிலமானி:
ஏழு என்பது கேவலமான எண் இல்லை தம்பி. இன்னும் ஒரு பன்னிரண்டு வையுங்கள். எட்டு வந்தாலும் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது என்றுதான் அர்த்தம், எது மேல் என்பது தனிக் கேள்வி. அந்த லாப்பியேர் கிளாசில் வாடை வரவில்லை என்று எழுதியதற்கு நன்றி, எனக்கு எதிரான சான்று அது. அடுத்த சுற்றில் உங்கள் மனைவியையும் உட்கார வையுங்கள்.

குசினி அண்ணை:
அந்த லுவார் போத்தல் இன்னும் திறக்காதது இருந்தால் எறிஞ்சு போடாதையும். ஒரு வருசம் இருட்டிலை கிடக்கட்டும். சிலதிலை சூரி தானா அடங்கிறதை நான் கண்டிருக்கிறன். பிறகு சோடாவோடை திருப்பித் திறந்து, அவவிட்டைக் குடுத்துப் பாத்திட்டு எழுதும்.