ஏஐ வந்தால் பஸ் ஓட்டுநருக்கு வேலை இருக்குமா?

நிரலாளி:
முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இன்று இருபது வயதில் பஸ் ஓட்டப் பயிற்சிக்குச் சேரும் ஒருவர், ஓய்வு பெறும்வரை ஸ்டியரிங் பிடித்தே பிழைத்துவிடலாம் என்று நம்பினால் அது ஆபத்தான நம்பிக்கை. 2020இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில், ஓட்டுநர் இருக்கையில் யாருமே இல்லாத வேமோ நிறுவனத்தின் டாக்சி பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது. டாக்சி எங்கே கூப்பிட்டாலும் போக வேண்டும். பஸ்ஸுக்கோ தினமும் அதே வழி, அதே நிறுத்தம், அதே திருப்பம். கணினிக்கு இதில் எது எளிது? தண்டவாளத்தில் இது எப்போதோ நடந்துவிட்டது. 1900இல் திறந்த பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம், 2012 இறுதியிலிருந்து முழுக்க ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. கணினி தூங்காது, குடிக்காது, கோபத்தில் முந்தாது. சாலையில் செத்துப்போகிறவர்களை நினைத்தால் இதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஸ்டியரிங்காரன்:
தம்பி, வழி ஒன்றுதான். ஆனால் அது விடியற்காலையில் ஒரு வழி, பள்ளி விடும் நேரத்தில் வேறு வழி, மழை பிடித்துக்கொண்டால் இன்னொரு வழி. சரி, அதையெல்லாம் கேமராவும் ரேடாரும் பார்த்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்வோம். டாக்சியில் ஏறியவர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார். என் வண்டியில் பாதிப் பேர் கம்பியைப் பிடித்து நிற்கிறார்கள். கைக்குழந்தையோடு ஏறிய அம்மா இன்னும் இருக்கையைத் தேடிக்கொண்டிருப்பார். காற்றில் பறந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டு கார் சட்டென்று நின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பஸ் அப்படி நின்றால் உள்ளே எலும்பு முறியும். அதனால்தான் நாங்கள் பிரேக்கை நம்பி ஓட்டுவதில்லை. சைக்கிள்காரர் தோளைச் சாய்க்கிற விதத்தைப் பார்த்தே, குறுக்கே வரப்போகிறார் என்று முன்கூட்டியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவோம். உள்கண்ணாடியில் எல்லோரும் பிடிமானமாக நிற்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் வண்டி நகரும்.

2017 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு தானியங்கிச் சிற்றுந்து விட்டார்கள். முதல் நாளே ஒரு லாரி பின்னோக்கி மெதுவாக வந்தது. சிற்றுந்து சொல்லிக்கொடுத்தபடி நின்றது. நின்றுகொண்டே இடி வாங்கியது. யாருக்கும் காயமில்லை என்பது நல்ல விஷயம். மனிதன் ஸ்டியரிங்கில் இருந்திருந்தால் கொஞ்சம் பின்னால் எடுத்திருப்பான்.

நிரலாளி:
அண்ணே, அந்த விபத்தை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. முதன்மைக் காரணம் லாரி ஓட்டியவர்தான் என்றது. உள்ளே இருந்த பணியாளர் வண்டியைக் கையால் இயக்க வேண்டிய கருவி ஒரு பெட்டிக்குள் இருந்தது, அது துணைக் காரணம். அதாவது குறை ஏற்பாட்டில் இருந்தது. அதுவும் 2017 கதை. இன்றைய மென்பொருளை அதை வைத்து எடைபோடக் கூடாது. சைக்கிள்காரர் தோளைச் சாய்ப்பதும் ஒரு வடிவம்தானே, போதுமான காட்சிகளைக் காட்டினால் அதையும் கற்றுக்கொள்ளும்.

தடம்:
போக்குவரத்துத் திட்டமிடல் என் துறை. இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது: கணக்கு.

ஸ்காட்லாந்தில் 2023 மே மாதம் ஐந்து முழு அளவு தானியங்கிப் பஸ்கள் பயணிகளோடு ஓடத் தொடங்கின. ஃபோர்த் சாலைப் பாலத்தைக் கடந்து எடின்பரோ விளிம்பு வரை சுமார் 22 கிலோமீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்வரை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் ஒவ்வொரு பஸ்ஸிலும் இரண்டு பணியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் பாதுகாப்புக்கு, இன்னொருவர் பயணிகளைக் கவனிக்க. ஓட்டுநரைக் குறைக்க வேண்டிய வண்டிக்கு இரட்டைச் சம்பளம். போதிய பயணிகள் வரவில்லை என்று 2025 பிப்ரவரியில் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

டாக்சியில் ஓட்டுநரின் கூலி முழுவதையும் ஒரே பயணி சுமக்கிறார். பஸ்ஸில் அது நாற்பது பேருக்குப் பிரிகிறது. ஓட்டுநரை எடுத்துவிட்டால் டாக்சிக்குக் கிடைக்கிற லாபம் பஸ்ஸுக்குக் கிடைக்காது. அதனால் பணம் போடுகிறவர்கள் டாக்சிக்கும் லாரிக்கும்தான் முதலில் போகிறார்கள். பஸ் ஓட்டுநர் அந்த வரிசையில் கடைசியில் இருப்பார் என்பது என் கணிப்பு.

மதிவதனி:
கடைசி வரிசை என்று சொல்லி நிம்மதியாக இருக்க முடியாது. நான் டிப்போவில் டியூட்டி போடும் பிரிவில் இருக்கிறேன். ஏஐ எங்களிடம் ஏற்கெனவே வந்துவிட்டது, ஓட்டுநர் இருக்கைக்கு அல்ல, அவருக்கு மேலே.

இப்போது டிரிப் அட்டவணையை மென்பொருள் போடுகிறது. எந்த நிறுத்தத்தில் எத்தனை நொடி, எந்த மணிக்கு எவ்வளவு நெரிசல் என்று பழைய பதிவுகளிலிருந்து கணித்து, இரண்டு டிரிப்புக்கு நடுவில் இருந்த இடைவெளியைச் சுரண்டி எடுக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஓட்டுநர் இறங்கிக் கால் நீட்டுவார், கழிப்பறைக்குப் போவார். மென்பொருளுக்கு அது வீணான நேரம். லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இரட்டைமாடி பஸ்ஸின் படியில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். அது தெரிந்தும் அவர் எழுந்திருக்கும் நேரத்தைத்தான் குறைக்கிறோம்.

கண்டக்டர் கதையையும் நினைத்துப் பாருங்கள். லண்டனில் பழைய இரட்டைமாடி ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றபோது கண்டக்டர் வேலையும் அநேகமாக முடிந்தது. கண்டக்டர் செய்த வேலை முடியவில்லை. வழி கேட்கிறவருக்குப் பதில், சண்டை விலக்குவது, கதவைக் கவனிப்பது எல்லாம் ஓட்டுநர் தலையில் விழுந்தன. எந்திரம் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் மிச்சமிருப்பவருக்குச் சுமை கூடும் என்பதைப் பஸ் துறை ஒருமுறை பார்த்தாயிற்று.

ஸ்டியரிங்காரன்:
மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் வண்டியில் முகத்துக்கு நேரே கேமரா வைத்திருக்கிறார்கள். இடது கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கவனம் சிதறியதாக பீப் அடிக்கிறது. கண்ணாடியைப் பார்க்காமல் பஸ்ஸை எப்படித் திருப்புவது? அந்த பீப் எல்லாம் மதிப்பெண்ணாகிறது. மாதக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

நிரலாளி:
அண்ணே, பீப் தவறாக அடித்தால் மென்பொருளைத் திருத்த வேண்டும். அதற்காகக் கேமராவே வேண்டாம் என்றால் ஏற்க மாட்டேன். இரவு வண்டியில் ஓட்டுநர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் பின்னால் இருக்கும் அத்தனை உயிருக்கும் யார் பொறுப்பு? நான் அந்தப் பஸ்ஸில் பயணி. எனக்கு அந்தக் கேமரா வேண்டும்.

மதிவதனி:
எச்சரிக்கை வேறு, வேவு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் போட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டம் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் கருவியைப் புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது, பஸ்ஸையும் சேர்த்துத்தான். அதே சட்டம், தேவைக்கு மேல் தரவைத் தொடர்ந்து பதிவு செய்யக் கூடாது, வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது, வேலை முடிந்தவுடன் அழிக்க வேண்டும் என்கிறது. ஓட்டுநரை எழுப்பினால் போதும், மேலாளருக்குக் கோள் சொல்ல வேண்டாம். இப்படிச் செய்ய முடியும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இளவேனில்:
நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். எல்லோரும் ஓட்டுநரின் கனிவைப் பற்றி எழுதுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைப் பார்த்தும் நிறுத்தாமல் போன பஸ்கள் நிறைய. சாய்தளம் இறக்க நேரமாகும், அட்டவணை தப்பும் என்பதுதான் காரணம். எந்திரம் நிறுத்தத்தைத் தாண்டிப் போகாது என்றால் எனக்கு எந்திரமே மேல்.

அதே சமயம், உள்ளே ஏறியபின் நாற்காலியைப் பட்டையால் பிணைக்க ஒரு கை வேண்டும். 2021இல் டோக்கியோ பாராலிம்பிக் கிராமத்தில் ஓடிய டொயோட்டாவின் தானியங்கி வாகனம், பார்வைக் குறைபாடுள்ள ஒரு வீரர் மீது மோதியது. போட்டியில் அவர் பங்கேற்க முடியாமல் போனது. எங்களைப் போன்றவர்கள் எப்படி நடப்போம் என்பதை வண்டியும் கற்கவில்லை, வண்டிக்குள் இருந்தவர்களும் கற்கவில்லை. லண்டனின் டாக்லண்ட்ஸ் ரயில் 1987இல் தொடங்கியதிலிருந்தே தானாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் ரயிலுக்குள் ஒரு பணியாளர் இருக்கிறார். பஸ்ஸிலும் அப்படி ஒருவரை வையுங்கள். ஓட்டுகிற பதற்றம் இல்லாவிட்டால் அவருக்கு என்னைப் பார்க்க நேரமிருக்கும்.

ஸ்டியரிங்காரன்:
சகோதரி, நிறுத்தாமல் போனவர்கள் செய்தது தவறுதான், அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் தாமதமான நிமிடத்துக்கு எங்களிடம் விளக்கம் கேட்கிறார்கள், உங்களை ஏற்றினோமா என்று ஒருவரும் கேட்பதில்லை. அதையும் மாற்றாமல் எந்திரத்தை மட்டும் வைத்தால், அதற்கும் நிமிடத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

தடம்:
இன்னொரு பக்கமும் உண்டு. ஓட்ட ஆளே இல்லாத ஊர்கள். ஜப்பானின் ஒசாகா பகுதியில் காங்கோ பஸ் என்ற நிறுவனம் 2023 டிசம்பரில் பஸ் சேவை முழுவதையும் நிறுத்தியது, ஓட்டுநர் பற்றாக்குறை முக்கியக் காரணம். 2024 ஏப்ரல் முதல் அங்கே ஓட்டுநரின் கூடுதல் நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்று வரம்பு வந்தது. நல்ல சட்டம், ஆனால் ஆள் இன்னும் பற்றவில்லை. எய்ஹெய்ஜி என்ற சிற்றூரில் 2023இலேயே சின்னத் தானியங்கி வண்டிகளை விட்டார்கள். வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர், மூன்று வண்டிகளுக்குத் தொலைவிலிருந்து ஒரு கண்காணிப்பாளர். அங்கே அது யாருடைய சோற்றிலும் கைவைக்கவில்லை.

நிரலாளி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். ஸ்டியரிங் போகும், கண்காணிப்பு அறையில் வேலை வரும்.

ஸ்டியரிங்காரன்:
மூன்று வண்டிக்கு ஒருவர் என்றால் மற்ற இரண்டு பேர் எங்கே, தம்பி? அந்த ஒரு நாற்காலியாவது எங்களுக்கு வருமா, இல்லை கணினி படித்த பையன்களுக்கா?

மதிவதனி:
பாரிஸ் முதல் தடத்தில் ஆட்குறைப்பு செய்யாமல் ஓட்டுநர்களை வேறு தடங்களுக்கும் மேற்பார்வைப் பணிக்கும் மாற்றினார்கள். ஆகவே முடியாதது இல்லை. எங்கள் சங்கத்தில் நான் மூன்று கோரிக்கை வைக்கப்போகிறேன். கேமரா பதிவை வைத்துத் தண்டனை கூடாது. அட்டவணை மென்பொருள் தொட முடியாத ஓய்வு நேரம் வேண்டும். தானியங்கி வண்டி வந்தால் அதன் கண்காணிப்பு வேலை, பயிற்சிச் சம்பளத்தோடு, இப்போதுள்ள ஓட்டுநர்களுக்கே முதலில்.

நிரலாளி:
இரண்டாவதும் மூன்றாவதும் நியாயம், கையெழுத்தே போடுவேன். முதலாவதில் உடன்பாடில்லை. ஒருவர் மறுபடி மறுபடி ஸ்டியரிங்கில் தூங்குவது தெரிந்தும் நிர்வாகம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

ஸ்டியரிங்காரன்:
மறுபடி மறுபடி தூங்குகிறார் என்றால் அவருடைய டியூட்டிச் சீட்டை முதலில் எடுத்துப் பாருங்கள் தம்பி. முந்தின நாள் எத்தனை மணிக்கு இறங்கினார் என்று அதில் இருக்கும். அதைப் பார்க்கிற மென்பொருளைச் செய்து கொடுங்கள், கேமராவை நானே துடைத்து வைக்கிறேன்.