மூன்றாவது தடவை போன பிறகுதான் சொல்வேன்: உள்ளூர் உணவகங்களில் நாம் கண்டது

மூலைமேசை:

வாரத்தில் நான்கு நாளாவது வெளியில்தான் சாப்பிடுகிறேன். பதினெட்டு வருடமாக ஒரே நகரம். அதனால் யாருக்கு விருந்தாளி வந்தாலும் "எங்கே கூட்டிப் போகலாம்?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். முன்பெல்லாம் கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்று இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன உணவகம். பத்து மேசைதான் இருக்கும். அங்கே கிடைக்கும் சூப்பை நான் புகழாத ஆளில்லை. என் பேச்சை நம்பி அலுவலக நண்பர் ஒருவர் தன் அப்பா அம்மாவை அழைத்துப் போனார். நாற்பது நிமிடம் காத்திருந்திருக்கிறார்கள். வந்த சூப் வெதுவெதுப்பாக இருந்தது. கேட்டதற்கு, "இங்கே இப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்திருக்கிறது. நண்பர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. வயதானவர்களை என் வாயால் அங்கே அனுப்பி வைத்தேனே என்று மனசு கேட்கவில்லை.

அவர் போனது ஒரு சனிக்கிழமை இரவு. நானும் ஒரு சனிக்கிழமை இரவில் போய் உட்கார்ந்தேன். வாசல் வரை கூட்டம். வழக்கமாக அடுப்பில் நிற்கும் முதலாளி கல்லாவில் இருந்தார். உள்ளே இரண்டு பையன்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது: நான் அதுவரை போனதெல்லாம் செவ்வாய்க்கிழமை மதியம். நான் புகழ்ந்தது அந்த உணவகத்தை அல்ல, அந்த உணவகத்தின் செவ்வாய் மதியத்தை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு வேலைநாள் மதியம், ஒரு விடுமுறை இரவு, அப்புறம் கடை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை. மூன்றும் முடிந்தால்தான் கருத்து. இந்த மூன்றாவது நேரம்தான் ரொம்ப முக்கியம். சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மூடும் நேரத்தில் போனால் ஒரு கடை இதை எந்த அளவுக்கு மதிக்கிறது என்று தெரிந்துவிடும். கிண்ணத்தின் ஓரம் கொதித்து நடுவில் சில்லென்று இருந்தால், அவசரமாக மைக்ரோவேவில் வைத்து எடுத்து வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வேன்.

பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்களும் ஒரே தடவை போய்விட்டு எழுதுவதில்லை என்று பிறகு படித்தேன். நியூயார்க் டைம்ஸில் எழுதிய ரூத் ரைக்ல் அடையாளம் தெரியாமல் இருக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு போவாராம். 1993-இல் 'லெ சிர்க்' என்ற புகழ்பெற்ற உணவகத்தைப் பற்றி எழுதியபோது, யாரோ ஒரு பெண்ணாகப் போனால் எப்படி நடத்தினார்கள், விமர்சகர் என்று தெரிந்த பிறகு எப்படி நடத்தினார்கள் என்று இரண்டையும் அருகருகே வைத்தார். நான்கு நட்சத்திரம் வைத்திருந்த கடைக்கு மூன்றுதான் கொடுத்தார்.

இதைப் படித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. இரண்டு கடைகளில் என் முகம் இப்போது பழகிவிட்டது. உட்கார்ந்தவுடன் தண்ணீர் வருகிறது, தட்டு சீக்கிரம் வருகிறது. ஆகவே அந்த இரண்டு கடைகளைப் பற்றி நான் சொல்வதை நம்பாதீர்கள். அங்கே போனால் என் தட்டை விட்டுவிட்டு, முதல் தடவை வந்தவர்களின் மேசையைத்தான் கவனிக்கிறேன்.

பழைய சமையல்காரர்:

பதினோரு வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன். நீங்கள் பார்த்த செவ்வாய், சனி வித்தியாசம் முழுக்க உண்மை. அதற்குக் காரணம் பெரும்பாலும் அக்கறையின்மை இல்லை. அடுப்பு அதேதான், கைகளும் அதேதான், ஆர்டர் மட்டும் மூன்று மடங்காகிவிடும். அந்த நேரத்தில் முதலில் விட்டுப்போவது ருசி பார்ப்பது. நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் தலைமைச் சமையல்காரர் கதவு திறப்பதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பார். எவ்வளவு கூட்டமானாலும் எட்டு மணிக்கு மறுபடியும் ஒரு சுற்று வருவார். அவர் ஓய்வு பெற்ற மூன்று மாதத்தில் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மெனு மாறவில்லை, சாமான் வாங்கும் இடமும் மாறவில்லை.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். மெனுவில் எண்பது வகை இருந்து, கடையில் இருபது பேர்தான் சாப்பிடுகிறார்கள் என்றால், அதில் பாதி உறைபெட்டியில்தான் தூங்கும். வேறு வழியே இல்லை. அதனால் "எது நன்றாக இருக்கும்?" என்று கேட்காதீர்கள், எல்லாம் நன்றாக இருக்கும் என்பார்கள். "எது சீக்கிரம் தீர்ந்துபோகும்?" என்று கேளுங்கள். தீர்ந்துபோவது தினமும் புதிதாகச் செய்யப்படுகிறது.

அடுத்தது எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுக்கும், கெட்டியாகும், நுரை அடங்காது. முன்பு தாங்கிய சூட்டைத் தாங்காமல் சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமை காலையில்தான் எண்ணெய் மாற்றுவார்கள். முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வியாழக்கிழமை பொரித்ததை அங்கே வேலை செய்த நாங்கள் யாரும் தொடமாட்டோம். வாடிக்கையாளருக்கு மட்டும் அது போகும். அந்த வேலையை நான் விட்டதற்கு இதுதான் காரணம்.

ஒரு அம்மா:

என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. சாதாரணமாக ஆகாது என்பதில்லை, மூச்சு அடைக்கும் அளவுக்கு. அதனால் ருசி, கூட்டம் எல்லாம் எங்களுக்கு இரண்டாம்பட்சம்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் உணவகத்தில் விவரமாகக் கேட்டேன். "இதில் எதுவும் இல்லை, பயப்படாமல் கொடுங்கள்" என்றார்கள். நான்கு வாய் சாப்பிட்டதும் உதடு வீங்க ஆரம்பித்தது. கைப்பையில் இப்படி ஆனால் உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் ஊசி இருந்தது, போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். பிறகு போய்க் கேட்டபோது, மேலே தூவிய பொடியில் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்றார்கள். கொஞ்சம்தானே என்றும் சொன்னார்கள். அந்த 'தானே'வை நான் மறக்கமாட்டேன்.

இன்னொரு இடத்தில் சர்வர் பெண் நான் கேட்டதை எழுதிக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நிமிடம் கழித்து வந்து, "அக்கா, பொரித்தது எதையும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். வேகவைத்தது இரண்டு வகை இருக்கிறது, அதைத் தனிப் பாத்திரத்தில் செய்து தரச் சொல்கிறேன்" என்றாள். எங்கள் பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் இப்போது அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. விதி எங்கே எப்படி இருந்தாலும், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரும் ஒருவர் அந்தக் கடையில் இருக்க வேண்டும். ஒரு கடையைப் பற்றி என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

புதுவரவு:

வேலை மாறி இந்த நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. உங்களைப் போல மூன்று தடவை போய்ப் பார்க்க எனக்கு இன்னும் நாள் கிடைக்கவில்லை. இணையத்தில் இருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் போகிறேன். பாதி நேரம் ஏமாற்றம்தான். எப்படித் தேர்ந்தெடுப்பது, அண்ணா?

மூலைமேசை:

தம்பி, நட்சத்திரத்தில் பணம் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஹார்வர்டின் மைக்கேல் லூகா ஆய்வு செய்தார். சாப்பிட்டவர்கள் நட்சத்திரமும் கருத்தும் போடும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். கிளைகள் பரப்பிய பெரிய நிறுவனங்களுக்கு அப்படி இல்லை, தனிக்கடைகளுக்குத்தான். பணம் இருக்கும் இடத்தில் பொய்யும் வரும். 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற அதே மாதிரித் தளத்தில் பதிந்து, நண்பர்களை வைத்துப் பொய்க் கருத்துகள் எழுத வைத்தார். ஒரு தட்டுகூடப் பரிமாறாத அந்தக் கொட்டகை லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அதனால் ஐந்தையும் ஒன்றையும் தாண்டிப் போய், இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். எந்த நாள், எந்த நேரம் போனேன் என்று எழுதியவர் உண்மையிலேயே போயிருப்பார். குறை சொன்னவருக்குக் கடைக்காரர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டியிருந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இரவுப்பணி:

சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்பாவுக்குக் காதுக் கருவி. இசையை அலறவிடும் இடத்தில் அவருக்கு எங்கள் பேச்சு ஒன்றும் கேட்காது, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ருசியும் இதில் மாறுகிறது. விமானத்துக்குள் இருக்கும் அளவு இரைச்சலில் இனிப்பு மங்கித் தெரிகிறது என்று 2015-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. நாங்கள் இப்போது கூட்டம் வருவதற்கு முன், ஆறரைக்கே போய்விடுகிறோம். சொன்னால் சத்தத்தைக் குறைக்கும் ஒரு கடை இருக்கிறது. அப்பா அங்கே மட்டும் இரண்டாவது காபி கேட்பார்.

மூலைமேசை:

ஆறரை மணி நல்ல யோசனை. நானும் குறித்துக்கொண்டேன்.

நண்பரின் அப்பா அம்மா அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள். அதே சூப் கடைக்கு நானே அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் அவர் தயங்கினார், அப்புறம் சரி என்றார். நேற்று கடைக்குப் போய் முதலாளியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமைக்கு இன்னொரு ஆளைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு, அவர்கள் எந்த நாள் வருகிறார்கள் என்று கேட்டார். செவ்வாய் மதியம் என்றேன். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார்.